மௌஷிக்குத் தமிழ் தெரியாது

“நாளைக்குக் காலைல மேடம் வராங்க. உன்னையும் உள்ள கூப்பிடுவாங்க,” என்றார் பட்டாபிராமன். “மௌஷி மூடி சரியா போடல, அதான் உசல் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

இதை அவர் தமிழில் சொன்னார். அந்த மௌஷி அவர்களிடமிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எஃகு டப்பாக்களின் ரப்பர் வளையங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நிக்கோல் மௌஷியை ஒரு தடவை பார்த்தாள். “சார், மூடி சரியாத்தான் இருந்தது...”

“இருந்தது. யார் இல்லன்னா?” அவர் குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. “தளேகாவ்காரன் ஒரு தலை கேக்கறான். என் தலையைக் குடுக்கவா, உன் தலையைக் குடுக்கவா? இவளுக்கென்ன, இன்னொரு கிச்சன்ல போய்ச் சேந்துப்பா. நாம ரெண்டு பேரும் எங்க போறது, சொல்லு.”

மௌஷி ஒரு வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரிசல் இருந்தது போலும், ஓரமாக எறிந்தாள்.

“அப்பா எப்படி இருக்கார்? மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?” என்று பட்டாபிராமன் கேட்டார்.

“சாப்பிடறார் சார்.”

“பாத்துக்கோ. நாளைக்கு சொல்லிடு, என்ன?”

“சரி சார்,” என்றாள் நிக்கோல்.

பூனா பக்கம் காசர்வாடியில் இருந்த அந்தச் சமையற்கூடத்திலிருந்து சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்குத் தினமும் மதியச் சாப்பாடு போகும். அனுராதா மேடம் அதன் முதலாளி, பட்டாபிராமன் மேனேஜர். எந்த வண்டியில் எது ஏறுகிறது, எந்த வண்டி எங்கே போகிறது என்று பார்ப்பது நிக்கோலின் வேலை. சமைத்ததைச் சூடு ஆறாமல் டப்பாக்களில் நிரப்பி மூடும் பெண்களுக்குத் தலைவி சுனந்தா. அங்கே எல்லோரும் அவளை மௌஷி என்றுதான் கூப்பிடுவார்கள். மராட்டியில் சித்தி என்று அர்த்தம்.

அந்த இடத்தில் மராட்டியும் ஹிந்தியும் கரண்டிச் சத்தத்தோடு சேர்ந்து கொதித்துக்கொண்டே இருக்கும். தமிழ் அறிந்தவர்கள் பட்டாபிராமனும் நிக்கோலும் மட்டும். ஆகவே அவர்கள் இருவருக்கும் நடுக்கூடத்திலேயே ஒரு தனியறை இருந்தது. கதவு, சுவர் எதுவும் வேண்டாத அறை. யாருக்கு எப்போது சம்பளம் ஏறும், எந்தச் சமையல்காரனை நிறுத்த வேண்டும், மேடத்துக்கு இன்று என்ன கோபம் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். சம்பந்தப்பட்டவர் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். கட்கியில் பிறந்து வளர்ந்த நிக்கோலுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனாலும் அந்த அறைக்குள் அழைக்கப்பட்டதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

விஷயம் நடந்தது திங்கட்கிழமை. மே மாத வெயிலில் தார் ரோடு பளபளவென்று ஈரம் போல மின்னிக்கொண்டிருந்தது. தளேகாவ் தொழிற்சாலைக்குப் போக வேண்டிய வண்டி கிளம்பத் தயாராக நின்றபோது பட்டாபிராமன் போன் செய்தார். பிம்ப்ரியில் ஒரு புதுக் கம்பெனி ருசி பார்க்க வேண்டும் என்கிறதாம். வண்டி முதலில் அங்கே போகட்டும் என்றார். “தளேகாவ் லேட் ஆயிடும்ல சார்?” என்று நிக்கோல் ஒரு தடவை கேட்டாள். “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அனுப்பு,” என்றார். அவள் அனுப்பினாள். பிம்ப்ரியில் அதிகாரிகள் மீட்டிங் முடிந்து வரும்வரை வண்டி வெயிலில் நின்றது. தளேகாவில் டப்பாவைத் திறந்தபோது உசல், அந்த முளைகட்டிய பயறுக் குழம்பு, நுரைத்துப் போயிருந்தது. சாப்பிட்டவர்களில் சிலருக்கு வாந்தி. நெடுஞ்சாலையில் நெரிசல் என்று டிரைவர் சொன்னான். பட்டாபிராமன் சொல்லிக்கொடுத்த பதில் அது. நெரிசல் என்றதோடு தளேகாவ்காரர்கள் விடவில்லை. தப்பு செய்த ஆளை நீக்கினால்தான் இனிமேல் உங்கள் வண்டி எங்கள் வாசலுக்குள் வரலாம் என்று மேடத்திடம் சொல்லிவிட்டார்கள்.

பட்டாபிராமன் கெட்டவர் என்றால் நிக்கோலுக்கு எல்லாம் சுலபமாகப் போயிருக்கும். அப்பா தேவநேசனுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். நிக்கோலின் விடுப்பை மேடத்திடம் சண்டை போட்டு வாங்கித் தந்தவர். ‘நம்ம பொண்ணு’ என்றுதான் வெளியாட்களிடம் சொல்வார். அந்த ‘நம்ம’வை அவள் போர்வை மாதிரி இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். இப்போது அதன் கனம் தெரிந்தது.

லோக்கல் ரயிலில் கட்கி வந்து இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தாள்.

“ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது?” என்று கேட்டாள் அம்மா ஜோஸ்பின். திருநெல்வேலிப் பேச்சு, பூனாவில் இத்தனை வருஷம் இருந்தும் மாறவில்லை.

“ஒண்ணுமில்லம்மா. ஆபீஸ் டென்ஷன். ஒரு மௌஷியோட வேலை போகும்போல இருக்கு.”

“யாரு?”

நிக்கோல் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தசராவுக்கு வண்டிகளுக்கெல்லாம் மாலை போட்டு, டப்பாக்களுக்குக் குங்குமம் வைத்து எடுத்த படம். ஓரத்தில் மௌஷி சிரிக்காமல் நின்றாள்.

ஜோஸ்பின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்கருகே கொண்டுபோனாள். “ஏட்டி! இது நம்ம சுனந்தால்லா! பஜார்ல மாவு மில்லு வச்சிருந்தாரே, அவரு மக. எந் தங்கச்சி மேரி கூட ஸ்கூலுக்குப் போனவ.”

“உனக்குத் தெரியுமா?”

“தெரியுமாவா? மில்லுக்குப் பின்னால பூரா நம்ம தமிழ் லைன்தான. ஃபேக்டரில வேல பாத்த வேலூர்க்காரங்க. அங்கயே விழுந்து பொரண்டு வளந்தவ. அவ தமிழ்ல சண்ட போட்டா, லைன்ல ஆம்பளைங்க கதவச் சாத்திக்கிடுவாங்க. உன்ன விட நல்லா பேசுவா, போ.”

நிக்கோல் போனைத் திரும்ப வாங்கவில்லை. கையை நீட்டியபடி அப்படியே நின்றாள்.

“ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாயேன். மேரிக்கும் போன் போடுதேன். எவ்வளவு சந்தோசப்படுவா தெரியுமா!”

“பாக்கலாம்மா,” என்று சொல்லிவிட்டு நிக்கோல் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

வாளி நிரம்பி வழிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. மௌஷியின் முன்னால் தமிழில் பேசியவை ஒவ்வொன்றாக, அழைக்காத விருந்தாளிகள் போல வந்து நின்றன. மத்தியானம் குறட்டை விடுகிறாள் என்று சிரித்தது. அவள் மகன் மறுபடியும் வேலையை விட்டுவிட்டான் என்று தெரிந்தபோது, ‘அம்மாவைப் போலப் பிள்ளை’ என்று பட்டாபிராமன் சொன்னதற்கு நிக்கோலும் தலையாட்டியது. பிறகு, அந்தக் கைகள். சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த மௌஷியின் கைகளைப் பார்த்து, ‘அந்தக் கையால சப்பாத்தி அடுக்கறதப் பாத்தா எனக்கு சாப்பாடே இறங்கல சார்’ என்று நிக்கோல் ஒருநாள் சொன்னாள். மறுநாளிலிருந்து மௌஷி கையுறை போட ஆரம்பித்தாள். யாரும் சொல்லாமலே சுத்தம் கற்றுக்கொண்டாளே என்று அப்போது நிக்கோல் நினைத்தாள். சார்கூட அதைப் பாராட்டினார்.

திங்கட்கிழமை அந்த போன் வந்தபோதும் மௌஷி பக்கத்தில்தான் நின்றாள். ‘தளேகாவ் லேட் ஆயிடும்ல’ என்பதை அவளும் கேட்டிருக்கிறாள். இன்று மத்தியானம் அந்த ‘சரி சார்’ஐயும்.

அன்று இரவு நிக்கோல் சாப்பிடவில்லை.

காலையில் அவள் போனபோது மௌஷி முற்றத்துக் குழாயடியில் தனியாக நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே அடுப்புகள் பற்ற வைக்கும் சத்தம் கேட்டது. நிக்கோல் பக்கத்தில் போய் நின்றாள். எந்த மொழியில் ஆரம்பிப்பது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது.

“மௌஷி,” என்றாள் தமிழில், “உங்களுக்குத் தமிழ் தெரியுமா?”

மௌஷி இடது கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டாள். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தாள்.

“இன்னா, இப்பதான் தெரிஞ்சிச்சா?”

அம்மா சொன்னது சரிதான். அந்தத் தமிழில் தடுமாற்றமே இல்லை. சத்தம் போட்டுப் பழகிய குரல், இப்போது வேண்டுமென்றே தாழ்ந்திருந்தது.

“ஏன் சொல்லல நீங்க?”

“எப்ப சொல்றது? நான் சேந்த மொத நாளு உங்க சாரு உன்கிட்ட இன்னா சொன்னாரு? ‘இந்தக் கெழவி எத்தினி நாள் தாங்கும்னு பாப்போம்’னாரு. நீ சிரிச்ச. அப்பவே ஐயா எனக்குத் தமிழ் தெரியும்னு சொல்லியிருந்தா நீங்க மூஞ்சிய எங்க வெச்சிக்குவீங்க? பாவம், நாளைக்கு சொல்லலாம்னு வுட்டேன். மறுநாளு இன்னொண்ணு பேசினீங்க. அப்பறம் சொல்ற மாதிரியே இல்ல.”

“நான் கையப் பத்தி பேசினது...”

“அத வுடு.”

“சாரி மௌஷி. நான் தெரியாம...”

“நீ மன்னிப்பு கேக்க வந்தியா, இல்ல நான் மேடம்கிட்ட சொல்லுவேனான்னு பாக்க வந்தியா?”

நிக்கோல் இரண்டுக்கும்தான் வந்திருந்தாள்.

“பயப்படாத,” என்றாள் மௌஷி. “நான் சொல்லி இன்னா ஆவப் போவுது? அவங்க ரெண்டு பேரும் தமிழ்ல பேசினாங்க, நான் கேட்டேன்னா? நீங்க ரெண்டு பேரும் இல்லன்னுட்டா முடிஞ்சிச்சு. இத்தினி நாளா ஒட்டுக் கேட்டவன்னு பேரு வேற வரும். இன்னொரு கிச்சன்ல சேந்துப்பான்னாரே உங்க சாரு. சோத்தக் கெடுத்து ஆளுங்கள வாந்தி எடுக்க வெச்சவன்னு ஒரு தபா பேரு வந்துச்சுன்னா எவன் சேப்பான்? இந்த லைன்ல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.”

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மௌஷி உடனே டப்பாக்களின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தில் அந்தப் பழைய ஒன்றும் புரியாத அமைதி வந்து உட்கார்ந்தது. இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம் என்று நிக்கோலுக்கு உடம்பு கூசியது.

பட்டாபிராமன் சவரம் செய்யாமல் வந்திருந்தார். “தூக்கமே இல்லம்மா ராத்திரி,” என்றார். “வீட்ல ருக்மிணிகிட்டகூட சொல்லல. சொன்னா அவ படுத்துடுவா. பொண்ணு ஸ்நேஹா படிப்பு முடிய இன்னும் காலம் கெடக்கு. இந்த வயசுல யார் எனக்கு வேலை குடுப்பா?”

“சார், இங்க வேண்டாம்.”

“ஏன்? ஓ, இவளா? அட, இவளுக்கு என்ன புரியப் போறது!” அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு பாதியில் நின்றது. “நீ இருக்கங்கற தைரியத்துலதான் வந்திருக்கேன்.”

ஒரு வாக்கியம் போதும். ‘சார், மௌஷிக்குத் தமிழ் தெரியும்’ என்று சொல்லிவிட்டால் அவர் எச்சரிக்கையாகிவிடுவார். அவரிடம் உண்மையாக இருப்பதென்றால் அதைச் சொல்ல வேண்டும். நிக்கோல் வாயைத் திறந்தாள். மௌஷியின் முதுகு தெரிந்தது. துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றிருந்தது.

“டீ சொல்லட்டுமா சார்?” என்றாள் நிக்கோல்.

அனுராதா மேடம் வந்து தன் அறையில் உட்கார்ந்தார். மூன்று பேரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்.  மேடம் ஹிந்தியில் பேசினார். சுற்றி வளைக்காமல் கேட்டார்: தப்பு யாருடையது?

“மூடி நான் சரியாகத்தான் போட்டேன்,” என்றாள் மௌஷி, நின்றபடியே.

“பேக்கிங்கில் கவனம் போதவில்லை மேடம்,” என்றார் பட்டாபிராமன். “மூடியில் இடைவெளி இருந்தால் சூடு போய்விடும். வண்டி கொஞ்சம் தாமதமானாலும் கெட்டுவிடும். வண்டி கிளம்பும்போதே நிக்கோல் பார்த்திருக்கிறாள்.”

மேடம் அவளைப் பார்த்தார். “நீ பார்த்தாயா?”

“மூடி...” என்று ஆரம்பித்தாள் நிக்கோல். அதற்கு மேல் வரவில்லை. மேஜை மேல் இருந்த கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வெளியே ஏதோ வண்டி எஞ்சினைப் போட்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்தாள். அந்த அதிர்வு நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று சிறுபிள்ளை போல வேண்டிக்கொண்டாள்.

பட்டாபிராமன் அவள் பக்கம் சாய்ந்தார். வழக்கமான அந்த அறைக்குள் அவளை அழைப்பது போல, மிருதுவாகத் தமிழில் சொன்னார்: “பயப்படாதம்மா. நேத்து சொன்னதையே சொல்லு, போதும்.”

“என்ன சொன்னார்?” என்று கேட்டார் மேடம்.

நிக்கோல் நிமிர்ந்தாள். “நேற்று சொன்னதையே சொல் என்றார், மேடம்.”

“நேற்று என்ன?”

“மௌஷி மூடியைச் சரியாகப் போடவில்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். நான் சரி என்றேன். மூடி சரியாகத்தான் இருந்தது மேடம். வண்டி பிம்ப்ரிக்குப் போய் வெயிலில் நின்றது. சார் போனில் சொன்னார். அனுப்பியது நான். தாமதமாகும் என்று தெரிந்தும் அனுப்பினேன்.”



பட்டாபிராமனின் முகம் சிவந்தது. ஆனால் குரல் அமைதியாகத்தான் வந்தது. “மேடம், இவள் கட்கியில் பிறந்தவள். தமிழ் இவளுக்குச் சரியாக வராது. நான் ஒன்று சொல்வேன், இவள் ஒன்று புரிந்துகொள்வாள். மூடியைப் பற்றி உண்மையைச் சொல் என்றுதான் சொன்னேன். இதற்கு வேறு யார் சாட்சி?”

நிக்கோலுக்குக் கன்னத்தில் அடித்தது போலிருந்தது. அது பொய் என்பதால் மட்டும் அல்ல. அவளுடைய தடுமாற்றத்தை அவர் இத்தனை நாளும் கவனித்து வைத்திருந்திருக்கிறார்.

அப்போது மௌஷி பேசினாள். மேடத்திடம் அல்ல, பட்டாபிராமனிடம், தமிழில்.

“‘தளேகாவ்காரன் ஒரு தலை கேக்கறான். என் தலையைக் குடுக்கவா, உன் தலையைக் குடுக்கவா?’ இத சொன்னது யாரு சார்? எனக்கும் கட்கிதான். ஆனா எனக்குத் தமிழ் சரியா வரும்.”

 பட்டாபிராமன் மௌஷியைப் பார்த்தார், நிக்கோலைப் பார்த்தார், மறுபடியும் மௌஷியைப் பார்த்தார். நிக்கோல் முந்திய நாள் குளியலறையில் பார்த்ததையெல்லாம் அவர் இப்போது நின்ற நிலையில் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் எதையோ கணக்குப் போடுவது போல அசைந்தன.

“யாராவது எனக்குச் சொல்லப் போகிறீர்களா?” என்றார் மேடம்.

நிக்கோல் சொல்லத் தயாரானாள். பட்டாபிராமன் கை காட்டி அவளை நிறுத்தினார்.

“வண்டியைத் திருப்பியது நான்தான் மேடம்,” என்றார் ஹிந்தியில். “புது கான்ட்ராக்ட் வரும் என்று நினைத்தேன்.” நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார், உட்காரவில்லை.

மேடம் தம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு, தளேகாவிடம் தானே பேசிக்கொள்வதாகவும், தாமதம் தங்களுடையதுதான் என்று சொல்லிவிடப் போவதாகவும் சொன்னார். கான்ட்ராக்ட் போனால் போகட்டும் என்றபோது அவர் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. “சுனந்தா, நீ வேலையைப் பார். உன் மேல் எந்தப் பேரும் வராது. பட்டாபிராமன், உங்கள் விஷயத்தை அப்புறம் முடிவு செய்கிறேன். அதுவரை வழக்கம் போல நடக்கட்டும்.” நிக்கோல் கதவருகே போனபோது கேட்டார்: “நேற்றே எனக்கு ஏன் போன் செய்யவில்லை? நாளைக்கு வேறு யாராவது ஒன்றைச் சொல்லச் சொன்னாலும் முதலில் சரி என்றுதான் சொல்வாயா?”

 பதிலுக்குக் காத்திராமல் மேடம் போனைக் கையில் எடுத்தார்.

கூடத்தில் சாதம் வடித்தாகிவிட்டது. ஆவி கூரைவரை எழுந்தது. என்ன நடந்தாலும் மதியம் தொழிற்சாலைகளில் மணி அடிக்கும், மனிதர்கள் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். மௌஷி பெண்களை மராட்டியில் விரட்டிக்கொண்டிருந்தாள். நிக்கோல் அவள் பக்கத்தில் போய், “மௌஷி...” என்றாள்.

“அந்த மூலையில இருக்கற டப்பாவுல வளையம் மாத்தணும், எடுத்து வெளிய வை,” என்றாள் மௌஷி தமிழில். குரலில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை. நிக்கோல் டப்பாவைத் தூக்கினாள். கனமாக இருந்தது.

ஏற்றும் இடத்தில் பட்டாபிராமன் வண்டிச் சாவிகளோடு நின்றார். இன்னும் எத்தனை நாள் இவருக்குக் கீழே என்று அவளுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவள் வருவதைப் பார்த்து அவர் சாவிக் கொத்தில் கண்ணை வைத்துக்கொண்டார்.

“பெஹ்லி காடி கஹாங் ஜாயேகி?” என்று கேட்டார். முதல் வண்டி எங்கே போகிறது?

அவர் அவளிடம் ஹிந்தியில் பேசியது அதுதான் முதல் தடவை.

“தளேகாவ், சார்,” என்றாள் நிக்கோல். பிறகு தமிழில், கொஞ்சம் அவசரமாகச் சேர்த்தாள்: “நேரா தளேகாவ்தான் சார். நடுவுல எங்கயும் நிக்காது.”

அவர் சாவியை நீட்டினார். அவள் உள்ளங்கையில் விரல் படாமல் போட்டுவிட்டு, “டீக் ஹை, ஆப் தேக் லீஜியே,” என்றார். சரி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வெளியாட்களிடம் பேசும் அதே மரியாதையோடு சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்க நடந்தார்.